பதினொரு வருஷப் பழைய கைடு

"தொண்ணூத்தி நாலா? எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் செக்கர், பயிற்சி மையத்தில் மகள் எழுதிய வாராந்திர டெஸ்ட் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கிற மனுஷன். இருபது வருஷமாக எந்த முகத்தைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத முகமாகவே தெரியும். பெண்டாட்டி பிள்ளைக்கும் விலக்குக் கிடையாது.

"எல்லாம் படிச்ச கேள்விதாம்ப்பா."

"எதுல படிச்சே?"

மகள் ஒரு தடித்த கைடை நீட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா எப்போதோ கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்தது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வருஷம் அச்சாகியிருந்தது. பதினொரு வருஷப் பழசு! செக்கருக்குத் திக்கென்றது. நிஜத் தேர்வுக்கு இரண்டே மாதம்தான். அதில் கோட்டை விட்டால் மகளுக்குக் கல்லூரியில் இடமே கிடைக்காது.

"அதுக்கப்புறம் பாடத்திட்டமே ரெண்டு தடவை மாறிடுச்சு. இதை வச்சு தொண்ணூத்தி நாலா? எங்கேயோ இடிக்குதே!"

"மார்க் வாங்காட்டி திட்டு, வாங்கினா விசாரணை. நல்லாருக்கு உங்க நியாயம்!" என்றாள் மனைவி.

நேரே பயிற்சி மையத்துக்குப் போனார். கைடைப் பார்த்ததும் வாத்தியார் பதறிவிட்டார்.

"ஐயையோ, இதையா படிக்கிறா? முதல்ல தூக்கிப் போடுங்க சார். நம்ம புது நோட்ஸ் மட்டும் படிக்கட்டும்."

புது நோட்ஸ் வந்தது. பழைய கைடு பீரோவுக்குள் போனது. அந்த வார டெஸ்ட்டில் நாற்பத்தொன்று.

செல்போன்தான் காரணம் என்று பிடுங்கி வைத்தார். முப்பத்தெட்டு. தோழிகள்தான் காரணம் என்று யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. முப்பத்தொன்று. மகள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். மனைவியும்தான்.

வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்து பழைய கைடையே கொடுத்தார். தொண்ணூற்றாறு!

"காப்பி அடிக்கிறியாம்மா? அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடு."

"சத்தியமா இல்லப்பா" என்று மகள் தேம்பித் தேம்பி அழுதாள். பாவி, பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படியா கேட்பது என்று செக்கர் தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுபடியும் வாத்தியாரிடம் ஓடினார்.

"அந்தக் கைடு இன்னுமா உங்க வீட்ல இருக்கு? இன்னைக்கே என்கிட்ட கொண்டு வந்து கொடுத்துடுங்க சார். வேற யார் கண்ணுலயும் பட வேண்டாம்!"

செக்கருக்கு மூக்கில் வியர்த்தது. பழைய குப்பைக்கு இந்த ஆள் ஏன் இப்படிப் பறக்கிறார்? எதற்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்டே கொடுப்போம் என்று வீட்டுக்குப் போய்க் கைடை எடுத்து வந்து, மையத்துக்குக் கீழேயே இருந்த ஜெராக்ஸ் கடையில் நீட்டினார்.

கடைக்காரப் பெண் ரெண்டு பக்கம் புரட்டினாள்.

"வாத்தியார் அனுப்பினாரா சார்? இந்த வார டெஸ்ட்டுக்கு எந்தப் பக்கம்னு சொல்லுங்க, எப்பவும் போல மேல இருக்கிற வருஷத்தை மறைச்சு அறுபது காப்பி போட்டுடறேன்."