சாக்பீஸ் அண்ணாச்சி கட்டிய அடுக்களை

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்தவர்கள்: அம்மா, நான், சாக்பீஸ் அண்ணாச்சி, எதிர்வீட்டு முனியம்மா அத்தை, அப்புறம் தெருவில் பாதி. இல்லாதவர் அப்பா. "பொண்டாட்டி வெறும் சட்டியக் கிண்டுறத ஊரோட சேந்து நின்னு பாக்க எனக்கென்ன கிறுக்கா?" என்று இருக்கன்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார். இன்னொன்றும் அங்கே இல்லை. அது அடுக்களை. காரைத் தரை மட்டும் போட்டிருந்தது. அதில் சாக்பீஸ் கோடுகள். கோட்டுக்குள் நான்கு செங்கல் அடுக்கி அடுப்பு. தீயில்லாத அந்த அடுப்பில், அரிசியில்லாத பானையில், அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

விருதுநகர் மாவட்டத்திலேயே சிமெண்டைவிட சாக்பீஸை அதிகம் செலவழித்துக் கட்டடம் கட்டிய கொத்தனார் அண்ணாச்சி ஒருவர்தான். வலது காதில் வெள்ளை சாக்பீஸ், இடது காதில் சிவப்பு. சொந்தப் பேர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. மகள் கல்யாணத்துக்குச் சிவகாசியில் பத்திரிகை அடித்தபோது, பேரைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக் கல்யாணமோ என்று ஜனங்கள் வராமல் போய்விடுவார்களே எனப் பயந்து, கீழே 'சாக்பீஸ்' என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னாராம்.

எங்கே போனாலும் கோடு போடுவார். டீக்கடையில் ஒருநாள் மாஸ்டர் காலடியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, "ஒரு டீக்கு ரெண்டு தரம் சுத்துறீக. பால் சட்டிய இங்கன வச்சா ஒரு தரம் போதும்" என்றார். மாஸ்டர் கரண்டியோடு விரட்டினார். மறுவாரம் போய்ப் பார்த்தால் பால் சட்டி இடம் மாறியிருந்தது. அண்ணாச்சி வீட்டுச் சமாச்சாரத்தை மட்டும் கேட்கக்கூடாது. "எங்க அடுக்களைக்குப் பதினோரு வருசமா கோடுதான் போட்டுக்கிட்டிருக்காக" என்பார் அவர் சம்சாரம்.

அவருக்கு வேலையே பட்டாசுக் கம்பெனிகளில் ரூம் கட்டுவதுதான். அவரை நாங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு வேன்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள முக்கில் கம்பெனி வேன் வந்து நின்று இரண்டு ஹாரன் அடிக்கும். மூன்றாவது ஹாரன் கிடையாது. 2007-இல் ஒரே மாதத்தில் அம்மா வேனை இரண்டு தடவை விட்டிருந்தாள். சீசன் நேரம். "இன்னொரு நாள் விட்டீகன்னா உங்க எடத்துல வேற ஆள உக்கார வச்சிருவோம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அம்மா சோம்பேறியில்லை. எங்கள் வீடு அப்படி. அடுப்பு பின்பக்கம் ஓலைச் சாய்ப்பில். தண்ணீர்த் தொட்டி முன்வாசலில். அரிசி டிரம் கட்டிலுக்கு அடியில், கட்டில்மேல் அப்பா. போதாததற்கு அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. தரையில் உட்காரவே கூடாது என்று சாத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. ஏலச்சீட்டு எடுத்து அம்மாவுக்கு அடுக்களை கட்டுவது என்று முடிவுசெய்தேன். நூலகத்தில் புத்தகம் பார்த்து, அடுப்பு, தொட்டி, அலமாரி மூன்றையும் முக்கோணமாக வைத்து, கிராஃப் தாளில் நான்கு வண்ணத்தில் வரைந்து, அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. இதுல அம்மா எங்க?"

"அம்மாவ எதுக்கு அண்ணாச்சி வரையணும்?"

"அப்ப யாரு சமைக்கா? அடுப்பா?"

படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள், காலை ஐந்தரைக்கெல்லாம் வந்து, அடுக்களை வழியில் சிமெண்ட் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் சுவரில் ஒரு கோடு கிழிப்பார். அம்மாவுக்குக் கூச்சம்.

"நான் இல்லன்னு நெனச்சுக்கிட்டு நடங்கம்மா."

"எப்படிண்ணாச்சி நெனைக்க? அடுப்புக்கும் தண்ணிக்கும் நட்ட நடுவுல உக்காந்திருக்கீக!"

மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஒரு காலைச் சமையலுக்கு முந்நூத்திப் பதினெட்டு எட்டு. என்னையச் சுத்திப் போறதுக்கு வச்ச ஏழு எட்டைக் கழிச்சிட்டேன்." கட்டில்மேல் படுத்திருந்த அப்பா, "நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அத்தோடு அனுமதி கிடைத்துவிட்டது.

அடுத்த தகராறு வாசலுக்கு. எதிரெதிராக இரண்டு வாசல், இரண்டு கதவும் வெளியே திறக்கிற மாதிரி வேண்டும் என்றார் அண்ணாச்சி. பட்டாசு ரூமுக்கு அதுதான் வழக்கம்.

"சோறு பொங்குற எடத்துக்கு எதுக்குவே ரெண்டு வாசல்?" என்றார் அப்பா.

"கம்பெனி ரூமுல எதுக்கு விடுறோம்? உள்ள இருக்க ஆளு தப்பிச்சு வெளிய வரத்தான். இங்கயும் அதே ஆளுதான வேலை செய்றாக?"

முனியம்மா அத்தை விடவில்லை. "ஒரு வாசல்ல வந்த லச்சுமி மறு வாசல்ல போயிருவாளே அண்ணாச்சி."

"வேன் போயிருச்சுன்னா லச்சுமி எந்த வாசல்ல வருவா?"

பின்வாசல் நேராக வேன் நிற்கும் முக்கைப் பார்த்து அமைந்தது.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சுவர் எழுப்பும் முன் அம்மா ஒருமுறை சமைத்துக் காட்டவேண்டும் என்றார் அண்ணாச்சி. தெருவே வந்துவிட்டது. அம்மா வெறும் பானையை இறக்கினாள், வெறும் டிரம்மில் படியை விட்டு அள்ளினாள். "உப்புப் போடலியே மதினி!" என்று அத்தை கத்த, அம்மா வெறுங்கையை உதறினாள். "கத்திரிக்கா நறுக்கியாச்சா?" என்று இன்னொரு குரல். "ஆச்சு, ஆச்சு" என்றாள் அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. முழங்கையை மடக்கச் சொல்லி மேடைக்கு உயரம் எடுத்தார். அம்மா குட்டை; முப்பது அங்குலம்தான் வந்தது. கடைசியில் "அறுபத்தோரு எட்டு!" என்று கூவினார். தெரு கைதட்டியது.

அப்படியே கட்டினார். நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் அரிசி, பருப்பு, தண்ணீர்க் குழாய். புது கேஸ் அடுப்பு. ஒரு எட்டுகூட வீணாகாத அளவுக்கு இறுக்கமான அடுக்களை.

முதல் இரண்டு நாள் ரசத்தோடு போயிற்று; காய் வைக்கப்போன மூன்றாம் நாள் காலையிலேயே குட்டு உடைந்தது. அம்மாவுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக அரிவாள்மனைதான். அண்ணாச்சி கட்டிய அடுக்களையில் அரிவாள்மனை போட்டு உட்கார ஒரு முழ இடம் இல்லை. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து நறுக்கினாள். எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பாதி எழுந்தபோது முதல் ஹாரன். முழுசாக எழுந்தபோது இரண்டாவது. நான் பின்வாசல் வழியாக ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றேன். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே தம்பி, இன்னைக்கு ஒரு நாளுதான். நாளைக்கு நீ படுத்தாலும் வண்டி போகும்."

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஓடி வந்தார்.

"அன்னைக்கு அந்தக் கத்திரிக்காய எங்கன உக்காந்தும்மா நறுக்குனீக?"

"நறுக்கவே இல்லண்ணாச்சி. அம்புட்டுச் சனம் பாக்கவும் வெக்கமாப் போச்சு. ஆச்சுன்னுட்டேன்."

அண்ணாச்சி காதிலிருந்த இரண்டு சாக்பீஸையும் எடுத்து மேடைமேல் வைத்தார். "மூணு நாளும் எட்டத்தான எண்ணுனேன்? உக்காந்து எந்திரிக்கிறத எண்ணாம விட்டுட்டேனே" என்றார். அவர் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று போய்ச் சுத்தியல் எடுத்து வந்து, காரை காய்ந்து பத்து நாள்கூட ஆகாத மேடையின் ஒரு கோடியை அவரே உடைத்தார்.

அந்த இடத்தில், நாற்காலி உயரத்துக்கு, சம்மணம் போடும் அகலத்தில் ஒரு திண்டு எழும்பியது. அதில் அமர்ந்து, அரிவாள்மனைப் பலகையை ஒரு தொடைக்கு அடியில் அமுக்கி, மறு காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நறுக்கலாம். எழ வேண்டுமானால் காலை ஊன்றினால் போதும். இந்தத் தடவை ஒத்திகைக்கு அண்ணாச்சியே சந்தையிலிருந்து அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கிவந்தார். நிஜக் கத்திரிக்காய். அம்மா நறுக்கி முடிக்கும்வரை வேறு யாரையும் உள்ளே விடவில்லை.

மறுநாள் காலை வேன் முக்குக்கு வந்தபோது அம்மா தூக்குவாளியோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டு, "யாருக்கு அடிச்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். அதன்பிறகு அந்த சீசனில் அம்மா ஒருநாள்கூட வேனை விடவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் லோடு ஏற்றும் ஆறடி உயர அப்பாதான், அந்த மேடையில் டீ போடக் குனிந்து குனிந்து, "இது மனுசன் நிக்கக் கட்டுனதாவே?" என்று கத்துவார். "உங்களுக்கு யாரு கட்டுனா? அது அந்தம்மாவுக்குக் கட்டுனது" என்பார் அண்ணாச்சி.

உடைத்துக் கட்டிய வேலைக்கு அவர் கூலி வாங்கவில்லை. சிமெண்டும் அவருடையதே. நான் வற்புறுத்தியதும், ஏற்கெனவே நான் கொடுத்துத் தீர்த்திருந்த மொத்த அடுக்களைக் கணக்கையும் பின்கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவிட்டு, கடைசி வரியில் 'சாக்பீஸ் ஒரு டப்பா' என்று சேர்த்து, அதற்கு மட்டும் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டார். இப்போது காரியாபட்டியில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தக் கதவுக்கு நாங்கள் பெயிண்ட் அடித்ததில்லை. எழுத்து மங்கும்போதெல்லாம், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மா, அதன் மேலேயே சாக்பீஸை ஓட்டி ஓட்டி வைத்திருக்கிறாள்: மொத்தம் 21,410 ரூபாய்.