ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவும்

ஒரு வேலை கெட்டுப்போனால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் புத்திசாலிகள். நான் மறுநாளும் போய் அதையே இன்னும் நன்றாகக் கெடுத்துவிட்டு வருவேன்.

நர்சிங் முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை வல்லம் வடகாலில், ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில். தற்காலிகம்தான். வயது, இடுப்பளவு, தூக்கம், ஊறுகாய் (ஆமாம், ஊறுகாய்!) என்று கேள்வி கேட்டே, ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும் என்று மதிப்பிடும் செல்போன் செயலி ஒன்றைக் கொடுத்தார்கள். அது சொல்வது சரிதானா என்று நான் கையில் பட்டை கட்டி அளந்து பார்க்க வேண்டும். ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். இரவு ஷிப்ட் பையன்களின் விவரங்களைப் போட்டேன். ஆர்வக்கோளாறில் என்னுடையதையும் சேர்த்தேன். செயலி "நான்கு பேர்" என்றது.

அன்று மாலையே கேட்டில் மேஜை போட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, பஞ்ச் அடிக்க ஓடி வந்தவர்களை மடக்கி மடக்கி அளந்தேன். ஏறக்குறைய எல்லோருக்கும் கொதிப்பு! சூப்பர்வைசர் தாஸ் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா, மொத்த லைனுக்கும் பிரஷரா? நைட்டு யார வெச்சு ஓட்றது?"

ஓடி வந்தவனை உட்கார வைக்காமல் அளந்தால் அப்படித்தான் காட்டும் என்பது, படித்த எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. விடுவேனா?

மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்ததும் அத்தனை பேரையும் பயிற்சி அறைக்குள் அடைத்தேன். ஏசி, நல்ல நாற்காலி. "அஞ்சு நிமிஷம் காலைத் தரையில வெச்சு, பேசாம உக்காருங்க" என்றேன். இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவர்கள். உட்கார்ந்த வேகத்தில் குறட்டை. நான் அசரவில்லை. தூங்குகிற கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அளந்தேன். ஒருவருக்கும் கொதிப்பில்லை. முடிப்பதற்குள், காலையில் மட்டும் விடும் கம்பெனி பஸ் கிளம்பிவிட்டது.

"யக்கா, பஸ்ஸு போயிட்டுல்லா! இனி ரூமுக்கு எப்படிப் போவ?" என்று கண்ணைக் கசக்கினான் நாங்குநேரிப் பையன் ஒருவன்.

தாஸ் அண்ணன் பாய்ந்து வந்தார். "நேத்து எல்லாருக்கும் கீதுன்ன, இன்னிக்கு யாருக்கும் இல்லன்ற. மிஷினே டுபாக்கூர். எங்க, உன் கைல போடு!"

போட்டேன். அந்த அறையிலேயே எனக்கு மட்டும்தான் அதிகம். "நீங்க கத்துனதாலண்ணே" என்று சமாளித்தேன்.

அவர்கள் பகல் ஷிப்டுக்கு மாறிய வாரம் மூன்றாவது படையெடுப்பு. டீக்கு முன்னால், சிறு சிறு கூட்டமாக. யாரும் தூங்கிவிடாமல் தாஸ் அண்ணன் காவல். நான்கு பேருக்குக் கொதிப்பு. செயலி சொன்ன அதே நான்கு! துள்ளிக் குதித்தேன்.

"குதிக்காத. நீயும் கணக்குல கீற, உக்காரு" என்று அவரே பட்டையைக் கட்டினார். ஐந்து நிமிடம் கழித்தும் அதிகம். பிறகு கம்பெனி டாக்டர் அளந்தபோதும் அதிகம். என்னை விட்டுவிட்டால் கணக்குக் கச்சிதம், வேலையும் உறுதி. ஆனாலும் மூன்று முறை மானம் போனது பொய் எழுதவா என்று "ஐந்து" என்றே எழுதிக் கொடுத்தேன்.

கணக்கில் ஒன்று அதிகமானதை மேலிடம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நிரந்தரமானது, மாத்திரையும்தான். இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், அம்மா சாப்பாட்டு ஜெபத்தைக்கூட நிறுத்திவிட்டு நாற்காலியைக் காட்டுகிறாள்.

"அஞ்சு நிமிஷம். காலைத் தரையில வை. பேசாத."