அம்மாவின் முகம் காய இருபது நிமிடம்

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, செண்டை மேளம் முழங்க, பெற்ற தாயின் முகத்தை உரித்தவள் நான். (உரித்த கை என்னுடையது இல்லை, ஒரு ரிசார்ட் முதலாளியுடையது. ஆனால் உரியும்படி பக்குவமாகச் செய்து கொடுத்தவள் நான்தான்.)

இப்போதெல்லாம் கண்காட்சிகளில் யாராவது மைக்கை நீட்டி, "உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எது மேடம்?" என்று கேட்டால், தாடையைச் சற்று உயர்த்திக்கொண்டு "மலை, மூடுபனி, உழைக்கும் பெண்கள்" என்று சொல்லிவைக்கிறேன். அவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். உண்மையான பதில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் தாள். அதைச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம்.

நாங்கள் மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் என்ற ஊரை ஒட்டிய எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டுக்காரர்கள். அப்பா மாரியப்பன் தேயிலை பாக்டரியில் இலையைக் காய வைக்கும் டிரையரைப் பார்ப்பவர். அம்மா பேச்சியம்மா கொழுந்து எடுப்பவர். நான் மூணாறில் பி.காம் முடித்துவிட்டு, இனி நான் ஓவியர் என்று எனக்கு நானே அறிவித்துக்கொண்டவள். அதற்கான தகுதிகள் எல்லாம் என்னிடம் இருந்தன. கழுத்தில் ஒரு சால்வை, பன்னிரண்டு வண்ண அக்ரிலிக் பெட்டி, மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிப் பழகிய கையெழுத்து. படம் வரைவது மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அதைச் செல்போனில் ஒரு வடக்கத்தி ஆளின் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. லைனுக்கு மேலே ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். அந்தப் பாறையில் குடை பிடித்துக்கொண்டு நான் கற்ற முதல் பாடம், அக்ரிலிக் இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பது. அதை வீட்டில், லைனில், தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் பேசும்போது அவருக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் தகதகத்தது. நானோ ஜூலை மாதத்துப் பள்ளிவாசலில், நனைந்த குடைக்குள் இருந்தேன். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவே இல்லை.

அப்போது ரோட்டு வளைவில் ஒரு புது ரிசார்ட் வந்தது. அதன் மேனேஜர் ஜோயிச்சேட்டன், ஒரு டீக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த போர்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீடு தேடி வந்தார்.

"நாலடிக்கு மூணடி ஒரு படம் வேணும் மோளே. ரிசப்ஷன்ல வைக்க. ஒரு சேச்சி கொழுந்து எடுக்கணும். சிரிக்கணும், கேட்டோ. கெஸ்ட்டு உள்ள வந்தா ஒடனே சந்தோஷம் வரணும்."

போகும்போது வாசலில் நின்று, "பின்னே, ரிசப்ஷன்ல வேலைக்கு இருக்க ஒரு பெண்குட்டியும் வேணும்" என்றார். அவர் சொன்ன இரண்டில் முதலாவது என் காதிலும் இரண்டாவது அம்மா காதிலும் விழுந்தன.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்பே அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். "படத்த மாட்டுற அன்னைக்கு நாலு பேரு பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும். நீ ஆயுசுக்கும் படமே வரை, நான் ஏன்னு கேக்க மாட்டேன். சொல்லலைன்னா மறுநாளே அந்த ரிசப்ஷன் நாற்காலியில போயி ஒக்காந்துரணும். சரியா?"

"சரி" என்றேன். நாலு பேர் என்ன, நாற்பது பேர் சொல்வார்கள் என்று எனக்குத் திடமான நம்பிக்கை.

மாடலுக்கு எங்கே போவது? அம்மாதான். வேலை முடிந்து வந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தவரின் முன்னால் கேன்வாஸை நிறுத்தினேன்.

"கொஞ்சம் சிரிம்மா."

"எதுக்கு?"

"கொழுந்து எடுக்கிற மாதிரிம்மா."

"கொழுந்து எடுக்கையில எவ சிரிக்கா? கையில கத்தரி இருக்கு. சிரிச்சா வெரலு போயிரும்."

நான் கேட்கவில்லை. காலண்டரில் வரும் பெண்ணைப் போலவே வரைந்தேன். முதுகில் பிரம்புக் கூடை, காதில் ஜிமிக்கி, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். அம்மா எட்டிப் பார்த்தார்.

"கூடையா? எங்கிட்ட ஏதுடி கூடை? சாக்குலதான போடுறோம். கால்ல பூட்ஸக் காணோம். இடுப்புல படங்கக் காணோம்."

படங்கு என்பது மழைக்கும் செடியின் குத்தலுக்கும் அவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கனத்த பிளாஸ்டிக் தாள். "அதெல்லாம் அழகா இருக்காதும்மா" என்றேன், இருபத்திரண்டு வயது மேதையாகிய நான். (இதை எழுதும்போது என் தலையில் நானே ஒன்று குட்டிக்கொண்டேன்.)

முகத்தை மட்டும் தூரிகையால் வரையவில்லை. பாறை மேல் கற்ற பாடப்படி, சின்னக் கரண்டி போன்ற கத்தியால் வண்ணத்தை அள்ளி அள்ளி அப்பினேன். கொத்தனார் சுவர் பூசுவதைப் போல. கன்னங்களுக்கு மட்டும் அரை ட்யூப் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடித்து, மூன்று நோட்டுப் புத்தகத்தில் பழகிய கையெழுத்தைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. "இருபது நிமிஷம்" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு கன்னத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று. எடுத்தபோது அழகான குழி. அம்மாவுக்குக் கன்னக்குழி கிடையாது.

துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாத பருவம் அது. விசிறி வைத்துப் பார்த்தேன், ஈரக் காற்றுதான் வந்தது. அடுப்புக்கு அருகே சாய்த்து வைத்தேன், படத்திலிருந்த வானம் கொஞ்சம் புகை பிடித்தது. மத்தியானத்துக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"காய வைக்கணும், அவ்வளவுதானே தாயி? இருவத்தாறு வருசமா நான் வேற என்ன வேலை பாக்குறேன்?"

உலகத்தில் எந்த ஓவியரும் செய்யாத ஒன்றை நாங்கள் செய்தோம். படத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தேயிலை பாக்டரிக்குப் போனோம். டிரையரின் வெக்கை வந்து மோதும் இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, அதன் மேல் அம்மாவைச் சாய்த்து வைத்தார் அப்பா. ஷிப்டில் இருந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"யாரு இது?"

"பேச்சி."

"பேச்சியா? சிரிக்குதே!"

"அதான் ஆளு தெரியல."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்த தூள் படத்தின் வானத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பறவைக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம் என அப்பா சமாதானம் சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் கேன்வாஸின் பின்பக்கத்தை இரண்டு விரலால் தட்டினார். முன்பக்கம் குனிந்து மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். இருபத்தாறு வருட அனுபவம் பேசியது. "வாசனை வந்திருச்சு. எறக்கிரலாம்."

நானும் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது. சூடாக, வழவழவென்று, பிரமாதமாக இருந்தது. உள்ளே கன்னம் இன்னும் களியாக இருக்கிறது என்பது தேயிலை வாசனையில் தெரியவில்லை.

வெளியே மழை கொட்டியது. அம்மா தன் புதுப் படங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். நீல நிறம், மடிப்பைப் பிரித்தால் முழுப் படத்துக்கும் போதும். சூடு ஆறுவதற்குள், முகத்தோடு முகமாக அதை வைத்து இறுக்கிச் சுற்றி, கயிறு போட்டு இன்னும் இறுக்கிக் கட்டினோம். சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாது என்பதில் அப்பா மிகவும் கண்டிப்பாக இருந்தார்.

மறுநாள் நாங்கள் போன ஜீப் வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி, தள்ளி ஏற்றி, போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஜோயிச்சேட்டன் கயிற்றை அறுத்து, படங்கு சுற்றியபடியே படத்தைத் தூக்கி ஆணியில் மாட்டினார்.

"சேட்டா, ஒரு நிமிஷம், பிரிச்சுப் பாத்துட்டு..."

"வேண்டா மோளே, இதுதான் நல்லது. முதலாளி திறக்கட்டும்" என்று சொல்லி, அந்த நீலத் தாளுக்கு மேலேயே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார்.

செண்டை கொட்டியது. கொச்சியிலிருந்து வந்திருந்த முதலாளி, வெள்ளை வேட்டியில், புன்னகையோடு முன்னால் வந்து ரிப்பனை வெட்டினார். படங்கின் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். செண்டையையும் மீறி எனக்கு அது கேட்டது.

சுவரில் தேயிலைத் தோட்டம் இருந்தது. கூடை இருந்தது. ஜிமிக்கி இருந்தது. இரண்டு ஜிமிக்கிக்கும் நடுவில் வெறும் வெள்ளைத் துணி. முதலாளி கையில் தொங்கிய நீலத் தாளிலிருந்து என் அம்மா, கன்னக்குழியோடு, ஐம்பது பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

யாரும் கை தட்டவில்லை. செண்டைக்காரர்கள் மட்டும் விஷயம் தெரியாமல் இன்னும் வேகமாகக் கொட்டினார்கள். முதலாளி அந்தத் தாளைக் கீழே போடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. அப்பா கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து அம்மா முன்னால் வந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் பச்சைச் சேலை. நேராக முதலாளியிடம் போய் அந்தத் தாளை வாங்கி, முகம் உள்ளே போகும்படி நிதானமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எம் படங்கு சார் இது. நாளைக்கு வேலைக்கு வேணும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாள் பூரா சிரிச்சுக்கிட்டே நிக்க முடியுமா? அதான் எறங்கி வந்துட்டேன்."

முதலாளிதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அம்மா பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் என் கையை விடவே இல்லை. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். "நல்லாருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் ரிசப்ஷன் நாற்காலியில் இருந்தேன், முகமில்லாத என் ஓவியத்துக்கு நேர் கீழே. அந்த இடத்தில் சுவர் ஓதம் பிடித்திருந்ததை அது மறைத்ததால் படத்தை எடுக்க அவர்களுக்கு மனமில்லை.

அங்கே மூன்று வருடம் இருந்தேன். சாவி கேட்க வருகிறவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் அந்த வெள்ளை இடத்தைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டு, உழைப்பவர்களின் அடையாளமின்மை அது என்று தன் மனைவிக்கு விளக்கினார். நானும் பவ்யமாகத் தலையாட்டினேன். ஒரு குழந்தைதான், "இந்த ஆன்ட்டிக்கு மூஞ்சி எங்க?" என்று நேராகக் கேட்டது. "வேலைக்குப் போயிருக்கு" என்றேன்.

பொய் இல்லை. படங்கில் ஒட்டிய முகத்தை அம்மா தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தார், அரப்பு போட்டுப் பார்த்தார். கேன்வாஸில் நிற்க மறுத்த வண்ணம் பிளாஸ்டிக்கில் பிடிவாதமாக நின்றது. புதுப் படங்கை வீணாக்க முடியுமா? அதையே கட்டிக்கொண்டு போனார். "பேச்சி மொகத்துல சிரிக்க மாட்டா, இடுப்புல சிரிப்பா" என்று மலையெல்லாம் பேச்சு. அந்த மழைக்காலம் முழுக்க அம்மா அப்படித்தான் கொழுந்து எடுத்தார்.

ரிசப்ஷன் ஜன்னலுக்கு எதிரே அவர்கள் வேலை செய்யும் சரிவு. வேறு வேலை இல்லாத நேரங்களில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பூட்ஸ் தெரிந்தது. கத்தரி தெரிந்தது. பனிக்குள் ஒரு நீலப் புள்ளி குனிவதும் நிமிர்வதும் எவ்வளவு அழகு என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த அம்மாவை, அவர் என்னை நாற்காலியில் உட்கார்த்தி வைத்த பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கங்களில் வரைந்தேன். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று. அவசரப்படவில்லை.

வீட்டில் 'இருபது நிமிஷம்' என்பது இன்று ஒரு கால அளவு. மூணாறு பஸ் எப்போது வரும் என்றால் "இருவது நிமிஷம்" என்பார் அப்பா. அண்ணன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோதும் யாரோ அதையே சொல்ல, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் திட்டு வாங்கினோம்.

இந்த வருடம் பாலக்காட்டில் என் முதல் தனிக் கண்காட்சி. ஏப்ரல் மாதம். கணவாய்க் காற்று அனலாக வீச, தூரிகையில் எடுத்த வண்ணம் கேன்வாஸுக்குப் போகும் முன்பே காயும் ஊர் அது. நடுச்சுவரில் அம்மாவின் படம். பூட்ஸ், கத்தரி, நீலப் படங்கு. சிரிப்பு இல்லை. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் மோந்து பார்த்துக்கொண்டே போனார். அம்மா தன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கட்டைவிரலைப் படத்தின் கன்னத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்தச் சுத்தமான விரலை ஹால் முழுவதையும் தாண்டி என் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

"ஏட்டி, இருவது நிமிஷம் ஆயிருச்சு!"