மோட்டார்க்காரரும் ஒரு குழாயும்

காலை ஆறு இருபது. நான் கண்விழித்ததும் முதலில் பார்த்தது, பக்கத்துக் கட்டில்காரர் தன் மூத்திரக் குழாயைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே ஆராய்ந்துகொண்டிருந்ததை. இவ்வளவு மரியாதையாக உயிரை வாங்கிய மனிதரை நான் அதற்கு முன்பும் பின்பும் சந்தித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. இருவருக்கும் மாற்றுச் சிறுநீரகம். ஆபரேஷனில் நான் அவருக்கு ஒரு வாரம் மூத்தவன். அவருக்குக் கொடுத்தது அவருடைய அக்கா. தம்பி தாராபுரம் பக்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்பவர். வார்டில் எல்லோருக்கும் மோட்டார்க்காரர்.

"அம்மணி, முட்டிக்கிட்டு வருதுங்க. இதக் கொஞ்சம் கழட்டி உடுங்க, போய்ட்டு வந்துர்றேன்" என்பார் நர்ஸிடம்.

"பை நிறைய இருக்கே. தானாப் போயிட்டுத்தான் இருக்கு."

"அதெப்படீங்க, போறவனுக்குத் தெரியாமப் போகும்?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குழாயின் நுனியில் சிறு பலூன் இருக்கிறது. அது உறுத்துவதால்தான் சிறுநீர்ப்பை நிறைந்ததுபோலத் தோன்றுகிறது. முக்கக் கூடாது. மாத்திரை அடக்கும். இழுத்தால் உள்ளே புதிதாகப் போட்ட தையல் பிய்ந்துவிடும், சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

"ஜாயின்ட் என்ன சைஸுங்க?" என்றார் மோட்டார்க்காரர். டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

குழாய் இழுபடாமலிருக்க நர்ஸ் அதைத் தொடையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அவள் திரும்பியதும் இவர் பிரித்தார். "கிளாம்பு இறுக்குனா லைன் அடைக்குமுங்க. ஆட்டம் குடுக்கோணும்." குழாய் தொங்கியது, பலூன் இழுத்தது, அவர் கட்டிலில் வில்லாக வளைந்தார். அவள் மறுபடி ஒட்டினாள். இவர் மறுபடி பிரித்தார். மத்தியானம் என்னிடம் கட்டிங் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கும் இப்படி முட்டுச்சுங்களா?"

"முட்டுச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"படுத்திருந்தேன்."

"அதெல்லாம் ஒரு வேலையாங்க?"

கடைசியில் நர்ஸ் பெண்கள் வார்டில் படுத்திருந்த அவருடைய அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். விலாவில் கட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் வாசல்வரை வந்து நின்றார்.

"ஏன்டா, அத எடுக்க என்னைய எவ்வளவு நீளம் அறுத்திருக்காங்க தெரியுமா? நீ என்னமோ பழைய மோட்டார நோண்டற மாதிரி நோண்டிக்கிட்டிருக்கற."

"முட்டுதுங்கக்கா."

"முட்டட்டும். கைய எடு."

எடுத்தார். மாத்திரை வேலை செய்து அவர் முகம் தளரும்வரை அக்கா நகரவில்லை. அதன் பிறகு மோட்டார்க்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்கடியில் போட்டு அழுத்திக்கொண்டே படுத்திருந்தார். "தொழில் பண்ணுன கையிங்க. சொன்னாக் கேக்காது." மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிட்டார். அடிக்கடி அரித்தது.

குழாயை எடுத்த அன்று, அளவு ஜாடியோடு குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. நர்ஸ் கதவைத் தட்டினாள். "வாரேனுங்க" என்று மட்டும் பதில் வந்தது.

வெளியே வந்தவர் ஜாடியை அவளிடம் கொடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பெண்கள் வார்டை நோக்கி நடந்தார். வேட்டி அவிழ்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்தபடி நானும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

"வந்துருச்சுங்கக்கா" என்றார்.

அக்கா எழுந்து உட்கார்ந்து, ஜாடியை வாங்கிக்கொண்டார்.