கரெக்ஷன் அண்ணாச்சியின் கண்ணீர் அஞ்சலி

தன்னுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குத் தானே புரூஃப் பார்க்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சிவகாசியில், நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். உலக இலக்கியமெல்லாம் படித்துவிட்டு அஞ்சலி போஸ்டர் வடிவமைக்கும் எனக்கு வாய்த்த ஒரே தீவிர வாசகரும் அவர்தான்.

காலண்டர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி போனபின் தனிக்கட்டை. எங்களுக்குக் கரெக்ஷன் அண்ணாச்சி.

முதல்முறை வந்தபோது கையில், கூலிங்கிளாஸ் போட்ட தன் பழைய போட்டோ.

“அண்ணாச்சி, இது உங்க கல்யாணத்துக்கு முந்தின படமாச்சே?”

“செத்தவன் வயசு கொறஞ்சா ஒனக்கென்னலே நட்டம்?”

அதன்பின் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். பொங்கலுக்கு மூத்த மகன் மதுரையிலிருந்து வரவில்லை. “அடியில ‘கண்ணீருடன்’ல அவன் பேரத் தூக்கு.” கண் ஆபரேஷனுக்கு இளையவன் வந்திருந்தான். “அவன் பேரக் கொஞ்சம் பெருசாக்கு. ரொம்ப வேண்டாம், பாதி நேரம் போன்லதான் இருந்தான்.”

எங்கள் வழக்கப்படி புரூஃப் வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கும் போகும். அதைப் பார்த்த மூத்தவர் போனில் என்னைப் பிடித்தார். “அண்ணே, ஊரெல்லாம் ஒட்டுற போஸ்டர்ல மூத்த மகன் பேரு இல்லேன்னா நான் எப்பிடித் தலை காட்ட?” அந்த ஞாயிற்றுக்கிழமையே பிரியாணியோடு வந்து இறங்கினார். திங்கட்கிழமை பெயர் ஏறியது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த போஸ்டரில் இடி விழுந்தது. தீபாவளி சீசன் முடிந்த கையோடு மகன்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்: வீட்டை விற்றுவிடுவது, அப்பாவை ஆளுக்கொரு மாதம் வைத்துக்கொள்வது.

அண்ணாச்சி அன்று உட்காரக்கூட இல்லை.

“நான் என்ன மாசக் காலண்டராலே, கிழிச்சுக் கிழிச்சு மாட்ட? ரெண்டு பேரையும் எடு.”

எடுத்தேன். ‘கண்ணீருடன்’ என்ற சொல்லுக்குக் கீழே வெறும் வெள்ளை.

“யாரு பேரப் போடட்டும் அண்ணாச்சி?”

திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

வழக்கம்போல புரூஃபை அனுப்பினேன். மறுநாளே மகன்கள் இருவரும் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள்.

“எங்களக் கேக்காம எப்பிடிப்பா எங்க பேர எடுக்கச் சொன்னீக?” என்றார் மூத்தவர்.

“என்னையக் கேட்டாடா எங்கன இருக்கணும்னு முடிவு பண்ணுனீக?”

இளையவர்தான் மெல்லக் கேட்டார்: “சரிப்பா, நீங்களே சொல்லுங்க. எங்கன இருக்கீக?”

“இத மொதல்லயே கேட்டிருந்தா இம்புட்டு டிசைன் எதுக்குலே? என் வீட்டுலதான். நீங்க வாங்க, போங்க. கதவத் தெறந்துதான் வச்சிருப்பேன்.”

வீடு தப்பியது. இப்போது ஞாயிறுதோறும் அவர் வாசலில் ஏதாவது ஒரு மகனின் வண்டி நிற்கிறது. போஸ்டரில் இரண்டு பெயரும் ஒரே அளவு.

இப்போது என் கவலை வேறு. அண்ணாச்சி ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எல்லாம் சரியா இருக்குலே” என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு புரூஃபிலும் நானே ஒரு பிழையை விட்டுவைக்கிறேன். பிழை இருக்கும்வரை போஸ்டர் அச்சுக்குப் போகாது.