மூன்றாம் குப்பி

தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவைத்த கண்ணாடிக் குப்பியின் அடியில் மணல் தங்கியது. அதன்மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல்மாவு படிந்தது. மணல் தேறவில்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

"இதை மணல்னு விக்காதீங்க, முகப்பவுடர்னு வித்துடுங்க," என்றார் கட்டடக் கம்பெனியின் பொறியாளர் அம்மாள். "அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள தேறலைன்னா ஆர்டர் எதிர் கிரஷருக்குப் போயிடும்."

கல்லை உடைத்து மணலாக்கும் அந்தக் கிரஷரின் மேற்பார்வையாளர் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அலறியது. அழைத்தவர் முதலாளி, மனைவியின் அண்ணனும் அவரே.

"மாப்ள, அந்த ஆர்டர் போச்சுன்னா நாளைலேர்ந்து வீட்டுல உக்காந்து என் தங்கச்சிக்கு வெங்காயம் உரி."

மேற்பார்வையாளர் இயந்திர மேடையில் ஏறினார்.

"தண்ணியைக் கூட்டுப்பா! மாவெல்லாம் கழுவிக்கிட்டுப் போகட்டும்."

"அண்ணே, ரொம்பக் கூட்டினா சல்லடை அடைச்சுக்கும்," என்றார் ஆபரேட்டர்.

"சொன்னதைச் செய்."

செய்தார். பத்தே நிமிடத்தில் சல்லடைக் கண்கள் அனைத்தும் சேறு பூசிக்கொண்டன. இறங்க வழியற்ற கல் விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. அதில் ஒரு பங்கு மேற்பார்வையாளரின் காலணிக்குள் புகுந்தது.

"சம்மட்டியை எடு. நாலு தட்டு தட்டினா விட்டுரும்."

"கம்பி பழசுண்ணே..."

"சூப்பர்வைசர் நீயா, நானா?"

முதல் மூன்று தட்டுகள் அடைப்பை நீக்கின. நான்காவது தட்டு சல்லடைக் கம்பிகளையே நீக்கியது. இரண்டாம் குப்பியில் மாவு இல்லை. சுண்டுவிரல் பருமனில் ஜல்லி கிடந்தது.

"முதல்ல பவுடர், இப்போ பல்லு," என்றார் அம்மாள். "நடுவுல எதுவும் செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

மணி நாலே முக்கால். மேற்பார்வையாளர் மறுபடி மேலே ஏறிக் கிழிசலுக்குத் தகரம் அடித்தார், தண்ணீரைக் குறைத்தார், எஞ்சியிருந்த திருகுகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திருகினார். கீழே வந்தபோது, மணல் வந்து விழும் கன்வேயர் பட்டை அருகே இடுப்பளவுக்குப் புது மணல் குவிந்திருந்தது. அள்ளினார், ஓடினார்.

மூன்றாம் குப்பியில் நீர் பளிங்காய் நின்றது.

"அடடா, இதுதான் மணல்!" அம்மாள் அந்த இடத்திலேயே கையெழுத்திட்டார். "ஒரு வருஷத்துக்கு எனக்கு இதேதான் வரணும். துளி மாறினாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

"மாறவே மாறாதும்மா!" என்று கும்பிட்டவர், ஆபரேட்டரைப் பார்த்துக் கத்தினார்: "இனி ஒரு திருகைக்கூட எவனும் தொடக்கூடாது! இப்பத்தான் மிஷின் நம்ம வழிக்கு வந்திருக்கு!"

குவியலுக்கு அப்பால் நின்றிருந்த லாரி ஓட்டுநர் தயங்கியபடி அருகே வந்தார்.

"சார், கன்வேயர் பக்கத்துல நான் இப்போ இறக்கின மணலை யாரும் அள்ளாமப் பாத்துக்குங்க. முதலாளி தன் புது வீட்டுக்குன்னு எதிர் கிரஷர்ல சொல்லிவெச்சு வாங்கினது."