ஒரே ஞாயிற்றில் மூன்று ஓலை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கோலாலம்பூரில் அரிசி இல்லை, சவர்க்காரம் இல்லை, காய்ச்சலுக்குக் கொய்னா இல்லை. பரிசுத்தத்துக்கு மட்டும் தட்டுப்பாடே வந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபைக்கு ஞானாபரணம் மூப்பராக இருந்தவரை வரவும் முடியாது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அத்துப்படி. மேய்ப்பன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஒருநாள் ஜெயராஜும் இராஜம்மாவும் அவர்முன் வந்து நின்றார்கள். குண்டுவீச்சில் புருஷனைப் பறிகொடுத்தவள் இராஜம்மா. ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஜெயராஜ் சில மாதங்களாக அவள் வீட்டில்தான் இருந்தான்.

“எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க ஐயா,” என்றாள் இராஜம்மா. “தனிக்கட்டைகளத்தான் முதல்ல சயாம் ரயில்பாதை போடுற வேலைக்குப் பிடிக்கிறானாம். போனவங்க யாரும் திரும்பலையே.”

“உயிர் பெருசா, ஒழுக்கம் பெருசாம்மா?” என்று மூப்பர் கனிவாகக் கேட்டார். “முதல்ல பிரிஞ்சிருந்து மனந்திரும்புங்க. அப்புறம் கல்யாண அறிவிப்பா மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். யாரும் ஆட்சேபிக்கலைன்னா தாலி.”

“அதுக்குள்ள லோரி வந்துட்டா?” என்றான் ஜெயராஜ்.

“சீஷன் கேள்வி கேக்க மாட்டான் தம்பி. கீழ்ப்படிவான்.”

ஜெயராஜ் கீழ்ப்படிந்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு தெருக்கோடித் தகரக் கொட்டகைக்குப் போனான். திருவிருந்து மறுக்கப்பட்ட இராஜம்மா கடைசி பெஞ்சியில் உட்கார்ந்தாள். ‘சபை ஒழுங்கு’ நிலைநாட்டப்பட்டது. மூப்பர் அன்று நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வாரமே ஜப்பான் அதிகாரியின் உத்தரவு வந்தது: தெருவுக்கு ஒரு தனிக்கட்டை, செவ்வாய்க்கிழமை லோரியில் ஏற வேண்டும். ஆளைக் காட்ட வேண்டிய தெருத்தலைவரும் நம் மூப்பரே. அந்தத் தெருவில் கல்யாணமாகாத ஆண்கள் இருவர். ஒருவன் ஜெயராஜ். மற்றவன் மூப்பரின் ஒரே மகன் தேவசகாயம்.

மூப்பரின் மார்க்க ஞானம் இங்கேதான் பிரகாசித்தது. சனிக்கிழமையே அவசரமாக ஒரு பெண்ணைப் பேசி முடித்து, ஞாயிறு காலை ஆராதனையில் மகனுக்கு முதல் ஓலை வாசித்தார். மத்தியானம் சபையைக் கூட்டி இரண்டாவது. சாயங்காலம் மூன்றாவது.

கோயில் மணி அடிக்கும் சின்னையா தலையைச் சொறிந்தார். “மூணு ஞாயிறுன்னு சொன்னீங்களே ஐயா?”

“மூணு தடவை வாசிச்சாச்சு. இன்னிக்கு ஞாயிறுதானே லா? அப்புறம் என்ன?”

திங்கட்கிழமை கிள்ளானிலிருந்து பாதிரியார் சைக்கிளில் வந்து தாலி எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஜெயராஜ் லோரியில் ஏறினான். இராஜம்மா பாசார்ச் சந்தை வரைக்கும் அதன் பின்னால் அழுதுகொண்டே ஓடினாள்.

மறு ஞாயிறு, சபையிலிருந்து பாவம் நீங்கிவிட்டதாக மூப்பர் அறிவித்தார். இராஜம்மாவை மறுபடி திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளப் பெரிய மனதும் வைத்தார். வழக்கப்படி அவள் முன்னால் வந்து பாவத்தை அறிக்கையிட வேண்டும். சபையார் ‘ஆமென்’ சொல்லி ஏற்க வேண்டும்.

“செஞ்ச பாவத்த மறைக்காம சொல்லும்மா.”

“உங்க பேச்சுக்குக் கீழ்ப்படிஞ்சு அவர வீட்டை விட்டு அனுப்புனேன் ஐயா,” என்றாள் இராஜம்மா. “நான் செஞ்ச பாவம் அது ஒண்ணுதான்.”

“ஆமென்!” என்றது சபை. எல்லோரையும் முந்திக்கொண்டு சொன்னவன் தேவசகாயம்.